இன்னைக்கு என்ன குழம்பு?

எங்கள் குழுவில் டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. அதனால் சிஷ்யை "டீச்சர்" என்பார், டீச்சர் "அக்கா" என்பார். நான் விளக்குப் போடுகிறவன். நடுவில் வாய் திறக்க மாட்டேன்.

டீச்சர் பெயர் தில்லையம்மை. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை அங்கேயே ஒற்றை ஆளாக மேடையில் நடித்துக் காட்டுவதுதான் எங்கள் வேலை. அதில் டீச்சருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. கதைக்குரியவர் நிஜமாகவே பேசிய ஒரு வரியாவது உள்ளே இருக்க வேண்டும். அதற்கு மெருகு போடக் கூடாது.

சிஷ்யை செல்லக்கிளி, தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவர். இரண்டு கதை நடித்து, இரண்டிலும் ஜனம் பாதியிலேயே எழுந்து போய்விட்டது. மூன்றாவதும் அப்படிப் போனால் மேடைக்கு ஒரு கும்பிடு என்று வீட்டில் சொல்லிவிட்டே வந்திருந்தார்.

மூன்றாவது கதை ஞானப்பூ அம்மாளுடையது. உப்பளக்கரையில் நாற்பது வருஷம் பிரசவம் பார்த்தவர். புயலில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் இரட்டைப் பிள்ளை எடுத்தவர். இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. டீச்சர் அந்த ஊரில் மூன்று நாள் விசாரித்துக் கொண்டுவந்தது ஒரே ஒரு வரி. வலி உச்சத்துக்கு வரும்போது, "இன்னைக்கு என்ன குழம்பு வச்சே?" என்று கேட்பாராம்.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"புயலுக்குள்ள நடந்த மனுஷி, டீச்சர். அவங்க பெருமையைச் சொல்ற இடத்துல குழம்பா? ஜனம் சிரிச்சிடும்."

"சிரிக்கட்டுமேக்கா."

"இவ்வளவு பெரிய வாழ்க்கையை ஒரு மணி நேரத்துல எப்படித்தான் காட்டுறது?"

அதற்கு டீச்சர், டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

ஒத்திகை நெடுக அக்கா அந்த வரியை முழுங்கிக்கொண்டே வந்தார். டீச்சர் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

மாதா கோயில் மைதானத்தில், பொழுது சாயும் நேரத்தில் நாடகம். புயல் வந்தது, இடி இடித்தது, அக்கா தொண்டை கிழியப் பேசினார். ஜனம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். பிரசவக் கட்டம் வந்தபோது பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை பெறுகிறவள் படுத்திருப்பதாக விரித்த வெறும் பாய்க்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு வசனம் அத்தனையும் மறந்துவிட்டது. வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"இன்னைக்கு என்ன குழம்பு வச்சே?"

யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மா, "நெத்திலிக் குழம்பும்மா" என்றார். அந்தக் குழம்பு வைத்த அன்றைக்குப் பிறந்தவன் மீசையும் தொப்பையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்து ஒருத்தி எழுந்து, "கத்திரிக்கா போட்ட புளிக்குழம்பு" என்றாள். இன்னொருத்தி, "எனக்கு வெறும் ரசந்தாம்மா." கிளம்பிப் போனவர்கள் திரும்பி வந்து நின்று சொன்னார்கள். கடைசியில் ஓரமாக இருந்த ஒரு பெண், "அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கலம்மா. நீங்கதான கஞ்சி கொண்டாந்தீங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்.

எத்தனையோ மேடைக்கு விளக்குப் போட்டிருக்கிறேன், இறந்துபோனவரிடம் ஊரே எழுந்து நின்று பேசியதை அன்றுதான் பார்த்தேன். விளக்கை அணைக்கக் கை வரவில்லை. அக்கா ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜனம் கலைந்ததும் அக்கா, டீச்சர் முன்னால் போய் நின்றார். கண் இன்னும் காயவில்லை.

"மன்னிச்சிடுங்க டீச்சர். அதுக்கப்புறம் எனக்கு ஒரு வசனம்கூட வரலை."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞானப்பூ அம்மாவுக்கும் அதுக்கப்புறம் வசனம் கிடையாதுக்கா. பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பிறந்துடும்."