எதுல தடுக்கணும், மாமா?

நிறைமதிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஓடி விளையாடிப் பழகிய சொந்த வீட்டுக்குள், அவள் நடக்கிற வழியில் ஒரு முக்காலியை வைத்து அவளை விழவைத்தார்கள். அவளுக்கு நடந்த அநியாயம் அதுதான்.

வைத்தவர் வேதரத்தினம். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர். ஐம்பத்தாறு வயது. காசு வாங்காமல்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

ஹைதராபாத்தில் ஒரு மருத்துவமனையில், விழித்திரைக்குள் ஒரு புது மருந்தை ஊசியால் செலுத்திப் பார்க்கிறார்கள். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. நிறைமதியைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. பயணம், இரண்டு மாதம் அங்கே தங்குவது, பிறகு வருடத்துக்கு ஆறு முறை போய்வருவது என்று நான்கு லட்சம் ஆகும். அப்பா கலையரசன் தண்ணீர் கேன் போடும் டெம்போவை விற்றுவிட்டார். வாங்கியவரிடமே சம்பளத்துக்குச் சேர்ந்து அதே டெம்போவை ஓட்டுகிறார். அப்படியும் பாதிகூடச் சேரவில்லை.

மீதியை இணையத்தில் கேட்கத்தான் வீடியோ.

"பாப்பா, அடுப்படியிலேர்ந்து வாசலுக்கு வா. நடுவுல தடுக்கி விழு."

அவள் நேராக வந்து வாசலில் நின்றாள்.

"விழலையேம்மா."

"எதுல தடுக்கணும், மாமா? அங்க ஒண்ணுமே இல்லையே."

"இருக்கிற மாதிரி நடிம்மா."

"நடிச்சா பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிடாதா? அவங்களுக்குத்தான் கண்ணு இருக்கே."

மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் விழவில்லை. நான்காவது முறை வேதரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியை எடுத்து நடுவில் வைத்தார்.

முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. படம் அருமையாக வந்தது.

கொல்லையிலிருந்து ஓடிவந்த அம்மா செண்பகம் முக்காலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அதை அழிங்க, அண்ணே."

"இதைப் பாத்தா எவனும் சும்மா போக மாட்டாம்மா."

"எம் பொண்ணு வீட்டுக்குள்ள விழ மாட்டா. அழிங்க."

அழித்தார்.

"சரி, பாடவாவது செய்யட்டும். நல்ல குரல் இருக்கு."

பாடினாள். நாலே நாளில் அறுபதாயிரம் வந்தது. 'தெய்வக் குழந்தை' என்று எழுதினார்கள். 'அடுத்த பாட்டு எப்போ' என்றும் எழுதினார்கள். ஐந்தாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னிக்கு வேணாம் மாமா" என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். பாட்டு நின்றது. பணமும் நின்றது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தருமச்சாலை உண்டு. தினமும் பகல் பன்னிரண்டுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அதை நடத்துகிற தில்லைநாயகி, வேதரத்தினத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பதினோரு வருடமாக அவரைத்தான் வேதரத்தினம் தம் குருவாக நினைத்திருந்தார். அம்மா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம் இல்லாத நாளெல்லாம் வந்து கஞ்சி ஊற்றுவார்.

அன்றைக்கும் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"விழவெச்சா ஆத்தாக்காரி விட மாட்டேங்கிறா. பாடவெச்சா குழந்தை மாட்டேங்குது. வேற எதைக் காட்டித்தாம்மா கேக்குறது?"

தில்லைநாயகி அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நீங்க ஊத்த வேணாம், ஐயா. வரிசையில நில்லுங்க."

நின்றார். முன்னால் பூக்காரி, பின்னால் சுமைதூக்கும் ஆட்கள் நாலு பேர். அவர் முறை வந்தது. சொம்பை நீட்டினார். கரண்டி அண்டாவைவிட்டு எழவில்லை.

"உங்களுக்கு என்ன வரும்?"

"என்னம்மா?"

"பாடுவீங்களா?"

"எனக்கு எங்கேம்மா பாட்டு வரும்..."

"அப்ப விழுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். தில்லைநாயகி சிரிக்கவில்லை.

பின்னால் நின்ற ஆள் கத்தினான். "யோவ் வீடியோ, விழுறதுன்னா சட்டுனு விழுய்யா! குடல் காயுது."

"விழுந்தா மட்டும் போதுமா, அழணும்ல?" என்றான் இன்னொருவன். வரிசை முழுக்கச் சிரித்தது.

வேதரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது. போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"பசிக்குதும்மா" என்றார்.

கரண்டி எழுந்தது. சொம்பு நிறைந்தது.

குடித்துவிட்டு நேராகத் தில்லைநாயகியிடம் திரும்பி வந்தார். அவருக்கும் வாதாட வரும்.

"இங்க பசிக்குதுன்னா போதும். வெளியில போதுமா? 'கண்ணு வேணும்'னு மொட்டையாச் சொன்னா எவன் தருவான்?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

சாயங்காலம் செண்பகத்தின் வீட்டுக்குப் போனார். கேமரா கொண்டுபோகவில்லை. நிறைமதி வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே குந்தினார்.

"முக்காலியை வெச்சது நான்தான், பாப்பா."

"தெரியும் மாமா. வெச்ச சத்தம் கேட்டுச்சே."

"கேட்டுச்சா? பின்ன ஏன் நடந்த?"

"நீங்க எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அவர் பக்கம் நீட்டினாள்.

மறுநாள் காலை கடைத்தெருவில் இறங்கினார்கள். செண்பகம், நிறைமதி, வேதரத்தினம். டெம்போ ஓட்டம் முடிந்ததும் கலையரசனும் சேர்ந்துகொள்வார். என்ன சொல்வது என்று நிறைமதியே முடிவு செய்தாள். எல்லாக் கடையிலும் அதையேதான் சொன்னாள்.

"எனக்குக் கண்ணு தெரியாது. பாக்கணும்னு ஆசையா இருக்கு. ஹைதராபாத்துல ஒரு வைத்தியம் இருக்கு. பலிக்குமான்னு டாக்டருக்கே தெரியாது. உங்களால முடிஞ்சதைக் குடுங்க."

பத்து ரூபாய் கொடுத்தவர்கள் உண்டு. ஆயிரம் கொடுத்தவர்கள் உண்டு. "காலங்காத்தால வந்துட்டாங்க" என்றவர்களும் உண்டு. கொடுக்காத கடைக்குச் செண்பகம் மறுநாளும் ஏறினாள்.

"நேத்தே இல்லைன்னு சொன்னேனேம்மா."

"அது நேத்து, சார்."

ஒன்பது நாள். செருப்பு அறுந்தது, தைத்துக்கொண்டு நடந்தார்கள். போவதற்கும் இரண்டு மாதம் தங்குவதற்கும் சேர்ந்துவிட்டது. ஆறு முறை போய்வரும் செலவுக்கு இல்லை. "ஊசியைப் போட்டுட்டு வந்து மறுபடி ஏறுவோம். கடைங்க எங்க ஓடிடப் போகுது?" என்றாள் செண்பகம். டிக்கெட் எடுத்தாயிற்று.

கடைசி நாள் ஓர் உரக்கடை. முதலாளி கோவிந்தராசு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"பலிக்குமா?"

"தெரியாது" என்றாள் நிறைமதி.

"தெரியாததுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? யூரியா போட்டா பயிர் பச்சை புடிக்கும்னு தெரிஞ்சுதான் ஜனங்க வாங்குது. போய்ட்டு வா. பலிச்சிருந்தா ரெண்டு மடங்காத் தரேன்."

"பலிச்சதுக்கப்புறம் எனக்கு எதுக்கு அது?"

கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். கோவிந்தராசு கல்லாவைத் திறந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு வேதரத்தினத்தைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"நீதான்யா பொறுப்பு. முடிவு என்னன்னு எனக்கு வந்து சொல்லியாகணும்."

அந்த விரல் அவரை விடவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் ரயில். பகலில் தருமச்சாலைக்கு வந்து கரண்டியைப் பிடித்தார். வரிசை நகர்ந்தது. பாதி அண்டா ஆனபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, உரக்கடைக்காரர் கேக்குறது நியாயந்தானே? இத்தனை பேர் குடுத்திருக்காங்க. போய் ஊசி போட்டும் அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியலைன்னா, குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தில்லைநாயகி வரிசையைப் பார்த்தார். பூக்காரி நின்றாள். சுமைதூக்கும் ஆட்கள் நாலு பேரும் நின்றார்கள்.

"பதினோரு வருஷமா ஊத்துறீங்க, ஐயா. நேத்து வயிறு நிறையக் குடிச்ச அதே ஆளுங்கதான் இன்னிக்கும் பசின்னு வந்து நிக்கிறாங்க. நேத்து ஊத்துனது பலிக்கலையேன்னு நீங்க எப்பவாச்சும் கையை நிறுத்துனீங்களா?"