நத்தைத்திட்டுக்கு வந்த பறக்கும் வண்டி

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் தலைவர், செயலாளர், ஓட்டுநர் என்று முறையாக ஆள் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, கைதட்டி முட்டாள்தனம் செய்த ஊர் அந்தக் கடற்கரையிலேயே நத்தைத்திட்டு ஒன்றுதான்.

நத்தைத்திட்டு ஒரு உப்பேரியின் நடுவே கிடக்கும் மணல் திட்டு. சுற்றிலும் தண்ணீர் இடுப்பளவுதான். அதற்குக் கீழே சேறு. எஞ்சின் படகு விட்டால் விசிறி சேற்றில் மாட்டிக்கொள்ளும். கழி ஊன்றித் தள்ளும் படகில், மேடு தட்டாத இடமாகப் பார்த்துச் சுற்றிப் போனால் அக்கரை சேர அரை நாள் ஆகும். அதனால் ஊரார் பாலம் கேட்டுப் போராடினார்கள். மறியல் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், அடியும் வாங்கினார்கள். மந்திரிகள் ஒவ்வொருவராக வந்து, "உங்கள் பாலம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது" என்று சொல்லி மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். பாலம் அவர்கள் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏரிக்கு வரவில்லை.

அந்தப் போராட்டக் குழுவுக்குத் தலைவர் துளசிங்கம். அவருக்கு இப்போது பாலத்தைவிடப் பெரிய கவலை வந்திருந்தது. மகள் தமிழரசியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரத் தட்டும் பழமுமாகப் போனார். சம்பந்தியம்மாள் ஆண்டாளம்மா தட்டைத் தொடவில்லை.

"இட்டுக்கினு போறது உங்க உரிமை சம்பந்தி. நான் இல்லேன்னு சொல்லல. வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு எப்படி இட்டாருவீங்க? நீங்க அரை நாள் கழி தள்ளுறதுக்குள்ள பிள்ளை பொறந்து, மொட்டை போட்டு, காது குத்தி முடிஞ்சிடும்."

துளசிங்கம் வெறுங்கையோடு திரும்பினார். மனைவி பட்டம்மா வாசலிலேயே நின்றாள்.

"பாலம் கொண்டாரலேன்னா போவுது. பெத்த பொண்ணக் கொண்டார வழியில்ல, நீ ஒரு தலைவரு. எம்பொண்ணு இந்த வூட்டுக்கு வர்ற வரைக்கும் உன் கமிட்டியே உனக்குச் சோறாக்கிப் போடட்டும்."

சோறு நின்ற மூன்றாம் நாள் அரசாங்கம் அசைந்தது. பாலத்துக்குப் பதிலாக ஒரு வண்டியை அனுப்பிவைத்தது.

படகு மாதிரி வயிறு. பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டை இறக்கை. முதுகில் பெரிய விசிறி. கூடவே ஒரு என்ஜினியர் அம்மா வந்தாள். ஊரைக் கூட்டி வைத்து விளக்கினாள்.

"இது படகும் இல்லை, விமானமும் இல்லை. தண்ணியைத் தொடாம, தண்ணியை ஒட்டியே பறக்கும். வேகம் பிடிச்சதும் இறக்கைக்கும் தண்ணிக்கும் நடுவில காத்து அடைபட்டு மெத்தை மாதிரி தாங்கும். சேறு தடுக்காது, படகுத்துறை வேண்டாம். நோயாளியைக் கொண்டுபோகலாம். மீன் கெடறதுக்குள்ள சந்தைக்குப் போகலாம். புயல்ல மாட்டிக்கிட்டவங்களை மீட்கலாம்."

"தலைப்பிரசவத்துக்கு?" என்று கேட்டார் துளசிங்கம்.

"தாராளமா."

துளசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா இரண்டு நாள் தானே ஓட்டிக் காட்டினாள். வண்டி கொக்கு மாதிரி ஏரியை உரசிக்கொண்டு போய்வந்தது. அக்கரையில் இருந்த ஆண்டாளம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை நானே ஏறிப் பாக்குறேன். நல்லா இருந்தா பொண்ண அனுப்புறேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

தன் ஊருக்குத் திரும்பும்போது என்ஜினியர் அம்மா ஓட்டுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முனிரத்தினத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நாலு விஷயம் மறக்காதீங்க. இடுப்பு உயரத்துக்கு மேல எழுப்பாதீங்க. இறக்கைக்கு அடியில இருக்கிற காத்து போயிடக் கூடாது. ரெண்டு பக்கமும் கனம் சமமா இருக்கணும். கரை கண்ணில பட்டதும் எஞ்சினை அணைச்சிடுங்க."

நத்தைத்திட்டுக்காரர்கள் போராளிகள். கட்டுப்பாடு என்றால் உயிர். சொன்ன சொல்லில் ஒரு எழுத்தைக்கூட விட மாட்டார்கள். அன்று மாலையே குழு கூடியது.

"அடியில இருக்கிற காத்து ராவோட ராவா போயிடுச்சின்னா?" என்று கேட்டார் செயலாளர் எத்திராசு.

"வலை கட்டிடுவோம்" என்றான் தேசப்பன். குழுவிலேயே பருத்த உறுப்பினர் அவன்.

"எந்த வலை?"

"மடவை மீன் புடிக்கிற வலை."

"கண்ணு பெருசுபா. மடவையே சில நேரம் நழுவிடுது. காத்து நிக்குமா?"

"காத்து எம்மாம் பெருசு இருக்கும் தலைவரே?"

துளசிங்கம் யோசித்தார். காற்றை அவர் பார்த்தது கிடையாது. பார்க்காததைப் பற்றிப் பேசும்போது பொறுப்பாகப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "கூனி எறாவைவிடச் சின்னதா இருக்காது" என்றார். பொடி இறால் பிடிக்கும் கூனி வலையே கட்டுவதென்று எத்திராசு முன்மொழிய, தேசப்பன் வழிமொழிந்தான். இறக்கையைச் சுற்றிக் கூனி வலை கட்டினார்கள். காலையில் வலை அப்படியே இருந்தது. ஒரு பொட்டுக் காற்றும் போகவில்லை என்று குழு மகிழ்ந்தது.

அடுத்தது கனம். ஓட்டுநர் முனிரத்தினம் நடுவில் உட்கார்ந்தான். தலைவர் அவனுக்கு நேர் பின்னால். வலப்பக்கம் தேசப்பன். இடப்பக்கம் எத்திராசு. எத்திராசு கருவாடு மாதிரி இருப்பார். அவர் மடியில் ஒரு அம்மிக்கல்லை வைத்ததும் வண்டி சமமாக நின்றது. அதற்குப் பிறகு தேசப்பன் ஒரு இட்லி தின்றால் எத்திராசுவும் ஒரு இட்லி தின்ன வேண்டியதாயிற்று. எத்திராசு இருமினால் தேசப்பனும் இருமினான். எதற்கு வம்பு?

முனிரத்தினம் எஞ்சினை முடுக்கினான். விசிறி சுழன்றது. உடனே அணைத்துவிட்டான்.

"இன்னாடா ஆச்சு?"

"கரை தெரியுது தலைவரே."

உண்மைதான். அந்த ஏரியில் எங்கே நின்றாலும் அக்கரை தெரியும். திட்டில் குழந்தை கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அக்கரையைத்தான். பாலம் கேட்டதே அதனால்தானே!

மறுபடி முடுக்கினான். மறுபடி அணைத்தான். மதியம் வரை இப்படியே நடந்தது. வண்டி இருந்த இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பொழுது விடிந்தால் வெள்ளிக்கிழமை.

"முனிரத்தினம் கண்ணக் கட்டிடலாம்" என்றான் தேசப்பன். "கரை தெரியாதில்ல?"

"அப்ப கரை வந்தா அவனுக்கு யார் சொல்றது?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க தலைவரே."

முனிரத்தினத்தின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். அவன் எஞ்சினை முடுக்கினான். துளசிங்கம் எதிரே பார்த்தார். நேர்மையான மனிதர். "கரை தெரியுதுபா" என்றார். முனிரத்தினம் அணைத்தான்.

குழு அங்கேயே அவசரமாகக் கூடியது. தலைவரின் கண்ணையும் கட்டுவதென்று தீர்மானம் ஆனது. தலைவருக்கு இல்லாத சலுகை தங்களுக்கும் வேண்டாம் என்று எத்திராசுவும் தேசப்பனும் தாங்களாகவே கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். போராட்டத்தில் ஒற்றுமை முக்கியம்.

இந்த முறை வண்டி எழும்பியது. ஆஹா, என்ன எழும்பல்! காற்று மெத்தை மேலே, சேற்றையும் தண்ணீரையும் தொடாமல், சீறிக்கொண்டு போயிற்று. யாருக்கும் கரை தெரியவில்லை. அதனால் யாரும் நிறுத்தவில்லை. முனிரத்தினத்துக்கு வலது கை பலம் அதிகம். வண்டி வலப்பக்கமாகவே போய், ஏரியில் ஒரு பெரிய வட்டம் போட்டு, நத்தைத்திட்டின் மறுபக்கத்தில் ஏறி, காயப் போட்டிருந்த கூனி எறாவில் புகுந்து நின்றது. விசிறியும் எஞ்சினும் எறாவை அள்ளித் தின்று, விக்கி, அடங்கின.

நான்கு பேரும் கண்கட்டை அவிழ்த்தார்கள். எதிரே ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். துளசிங்கம் இறங்கி, சட்டையைத் தட்டி, கும்பிட்டார்.

"வணக்கம்மா. நாங்க நத்தைத்திட்டு. இந்த ஊரு ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்மா?"

பட்டம்மா துடைப்பத்தால் பக்கத்தைக் காட்டவில்லை. வேறு விதமாகப் பயன்படுத்தினாள்.

"அக்கரைக்காரங்க கொஞ்சம் முரடுதான் தலைவரே" என்றான் தேசப்பன், ஓடிக்கொண்டே.

நடந்தது புரிவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. எஞ்சின் அசையவில்லை. தலைவர் மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்கு ஆண்டாளம்மா கரையில் வந்து நிற்பாள். வண்டி வராது. மகளும் வரமாட்டாள். மந்திரி ஏமாற்றினால் கோஷம் போடலாம். இதற்கு யாரை எதிர்த்து என்ன கோஷம் போடுவது?

எத்திராசு மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தலைவரே, அந்தம்மா சொன்ன நாலையும் நெனச்சிப் பாத்தேன். எஞ்சினை அணைக்கணும்னுதான் சொன்னாங்க. ஓடணும்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

துளசிங்கம் நிமிர்ந்தார்.

"கரை எப்பவும் தெரியுது. அப்ப எஞ்சின் எப்பவும் அணைஞ்சிருக்கணும். அதுதானே சட்டம்? தண்ணியைத் தொடக் கூடாது. இடுப்புக்கு மேல எழும்பக் கூடாது. பத்துப் பேர் இறங்கித் தோள்ல வச்சிக்கினு போனா எல்லாம் சரியா இருக்குமே!"

"காலையிலேர்ந்து நாமதான் தப்பா ஓட்டினோமா?"

"முழுக்கத் தப்பு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓடாத எஞ்சின் வெறும் பாரம் என்று அதைக் கழற்றித் திட்டிலேயே வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்துப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வண்டியைத் தோளில் ஏற்றி, அக்கரைக்கு நேர்க்கோட்டில் நடந்தார்கள்.

கரையை நெருங்கும்போதே பத்துப் பேரும் இறக்கையில் தொங்கிய கூனி வலைக்குள் குனிந்து மறைந்துகொண்டார்கள். ஆண்டாளம்மா ஏறி இடப்பக்கம் உட்கார்ந்தாள். சம்பந்தியின் எடையைக் கேட்பது மரியாதை இல்லை. துளசிங்கம் வலப்பக்கம் உட்கார்ந்து, வண்டி சமமாகும் வரை ஒவ்வொரு கல்லாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு சம்பந்தி மடியில இத்தினி கல்லு?"

"உங்க மரியாதைக்குத்தான்."

வண்டி கிளம்பியது. எத்திராசு வாயாலேயே, "டுர்ர்ர்" என்றார். நடு ஏரியில் ஆண்டாளம்மா காதைச் சாய்த்தாள்.

"கீழ யாரோ இருமுறாங்களே?"

"அது எஞ்சின்."

"எஞ்சின், 'தோள மாத்துடா, வலிக்குது'ன்னு சொல்லுதே?"

"புது மாடல்."

ஆண்டாளம்மா வலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பத்துத் தலைகள் தெரிந்தன. அதில் தேசப்பன் தலை அவளைப் பார்த்துக் கும்பிட வழியில்லாமல் பல்லைக் காட்டியது. அவள் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டாள். திட்டு வந்து சேர்ந்தது. இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

"எஞ்சினை நம்பி எம்மருமவள அனுப்ப எனக்கு இஷ்டமே இல்ல. நடுவுல எண்ணெய் தீந்துட்டா யாரைக் கேக்குறது? பத்து ஆம்பளைங்க தூக்கினு போறீங்க, ஒரு குலுக்கல் இல்ல. இப்பவே இட்டுக்கினு வந்துடுங்க."

தமிழரசி அன்றே அதே வண்டியில் தாய்வீடு வந்தாள். பட்டம்மா உலை வைத்தாள். துளசிங்கம் நெடுநாளைக்குப் பிறகு சுடுசோறு தின்றார்.

ஒரு விடியற்காலையில் வலி வந்தது. பத்துப் பேரும் ஓடிவந்தார்கள். வண்டி கரையோடு நிற்கவில்லை. கடைத்தெரு வழியாக, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை, தோளிலிருந்து கைக்கு இறங்கி, இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாமல் போயிற்று. வழியெல்லாம் தமிழரசி கத்திக்கொண்டே வந்தாள்.

"நைனா! இடுப்பளவு தண்ணிதானே? எல்லாரும் நடந்தே வந்திருக்கலாமே!"

"வலியில இன்னா பேசுறோம்னே தெரியல பாவம்" என்றார் துளசிங்கம், மற்றவர்களிடம்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நர்ஸ் வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் சேறும் தண்ணீருமாக, பல் கிட்டி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்யா இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? உங்க ஊருக்கு வண்டி வந்திருக்குன்னு சொன்னாங்களே?"

பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. துளசிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவிலேயே கூட்டம் கூடியது.

"தோழர்களே! உக்காந்து போறவங்களுக்கு வண்டி குடுத்த அரசாங்கம், தூக்கினு போற உழைக்கிற மக்களுக்கு இன்னா குடுத்துது? ஏரியைத் தாண்ட நமக்கு இன்னா வசதி? தூக்குறவங்க போறதுக்கு இன்னொரு வண்டி வேணும்!"

கைதட்டல் ஆஸ்பத்திரியை அசைத்தது. எத்திராசு முன்மொழிந்தார். வழிமொழிய வேண்டிய தேசப்பன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"ஒரே ஒரு சந்தேகம் தலைவரே. நம்ம பத்துப் பேரும் ரெண்டாவது வண்டில ஏறி உக்காந்துடுவோம். அந்த வண்டியத் தூக்குறது யாரு?"

நியாயமான கேள்வி. தலைவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஏன், மொத வண்டில சும்மா உக்காந்து வர்றாங்களே, அவங்க தூக்கட்டும்!"

தேசப்பன் வழிமொழிந்தான்.