விறகுக் கோட்டையைத் தட்டிப் பார்த்தவள்

ஒரு மலைக்கு ஒரே ஓர் அடுப்பு இருந்த அந்தக் காலத்தில், மரங்கொத்தி பேசினால் மனிதர்களுக்குப் புரியும். மனிதர்கள் பேசினால் மரங்கொத்திக்குக் கோபம் வரும். கோபம் சும்மா வரவில்லை.

அந்த மலைக்குக் கூதமலை என்று பெயர். வருஷத்தில் நாலு மாதம் விடாத மழை. அந்த நாலு மாதமும் காட்டில் ஒரு சுள்ளிகூடக் காய்ந்து கிடைக்காது. அதனால் ஊர் நடுவில் ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சமையலுக்கு அதிலிருந்துதான் கங்கு எடுப்பார்கள். குளிருக்கு அதைச் சுற்றித்தான் மனிதரும் ஆடும் அணிலும் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். மழைக்காலத்தில் அது அணைந்தால் அவ்வளவுதான். அந்த ஈரத்தில் எந்தக் கல்லை உரசினாலும் பொறி பிடிக்காது.

அடுப்புக்குப் பக்கத்தில் விறகுக் கோட்டை. மூன்று பக்கம் மண்சுவர் எழுப்பி, உள்ளே மூன்று ஆள் உயரத்துக்கு விறகை நிறைய அடுக்கி, மேலே ஓலை வேய்ந்திருப்பார்கள். அதன் முகப்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் அப்பி, மாலை போடுவார்கள். முகப்பிலிருந்து ஒரு கட்டையை உருவினாலும் ஊருக்கு ஆகாது என்பது வழக்கம். பிறகு விறகை எப்படித்தான் எடுப்பது? பின்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு துளை உண்டு. அதற்குள் கொக்கி போட்ட கம்பை விட்டு இழுத்துக்கொள்ள வேண்டியது. தன் துளையில் விறகு எட்டவில்லை என்றால் யாரும் பயப்படமாட்டார்கள். பக்கத்து வீட்டுத் துளைக்கு நேராக நிறைய இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் நீளமாக ஒரு கம்பு வெட்டிக்கொள்வார்கள்.

கோட்டையை ஒட்டிப் பட்டுப்போன வேங்கை மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் அலகாயி என்ற மரங்கொத்தி மூன்று முட்டை இட்டிருந்தாள். மழைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, புழு தேடி முகப்புக் கட்டை ஒன்றைத் தட்டினாள். வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. இடப்பக்கம் தட்டினாள், வலப்பக்கம் தட்டினாள், உச்சிக்குப் போய்த் தட்டினாள். எல்லா இடத்திலும் அதே ஒலி. பிறந்ததிலிருந்து செய்கிற வேலை அது. எது உள்ளே நிறைந்தது, எது பொள்ளல் என்பது அவளுக்குத் தெரியாதா? பாதி மழையில் விறகு தீர்ந்தால் ஊரார் எந்த மரத்தை முதலில் வெட்டுவார்கள் என்பதும் தெரியும். ஊருக்குப் பக்கத்தில் காய்ந்த மரம் அது ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் முகப்புக்கு விழா. ஊரே கூடியிருந்தது. அலகாயி நேராகக் கோட்டைக் காவல்காரன் உடையாண்டியின் முன்னால் போய் இறங்கினாள்.

"மாமா, கோட்டை காலி."

உடையாண்டி திரும்பி முகப்பைப் பார்த்தான். "அம்மாடி, உனக்குக் கண்ணு தெரியலையா? மலை மாதிரி நிக்குது."

"நான் பார்த்துச் சொல்லலை மாமா. தட்டிச் சொல்றேன்."

"நேத்துக்கூட நான் ஒரு கட்டை இழுத்தேனே!" என்றாள் பூவாத்தா. ஊரிலேயே பெரிய குடும்பம் அவளுடையது.

"எத்தனை முழக் கம்பால இழுத்தீங்க அத்தை?"

"எட்டு முழம்."

"போன வருஷம்?"

பூவாத்தா யோசித்தாள். "மூணு முழம். அதனால என்ன? கம்பு நீளமா இருந்தா நல்லதுதானே, குனிய வேண்டாம் பாரு!"

கூட்டம் கைதட்டியது. மேலே கிளையில் இருந்த காகம் கழுத்தைச் சாய்த்தது. "அவ வீடு அந்தப் பட்ட மரத்துல இருக்கு. வெட்டிருவாங்களோன்னு பயம். அதான் உளர்றா."

"ஆமா அண்ணே, என் முட்டை அங்கதான் இருக்கு. எனக்குப் பயம்தான். எனக்குப் பயம்னு சொல்லிட்டா கோட்டை நிறைஞ்சிருமா? எனக்காவது பறந்துபோக வேற மரம் இருக்கு. அடுப்பு அணைஞ்சா உங்க பிள்ளைங்களை எங்க கொண்டுபோய் வைப்பீங்க எல்லாரும்?"

பதில் வராதபோது செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: மேளத்தை அடிக்கச் சொன்னார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதே," என்றான் உடையாண்டி. "மழை வரட்டும், பார்த்துக்கலாம்."

"மழை வந்தப்புறம் காய்ஞ்ச விறகுக்கு எங்க மாமா போவீங்க?"

"அதையும் மழை வந்தப்புறம் யோசிப்போம்."

அலகாயிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. இனி வாயால் ஆகப்போவது ஒன்றுமில்லை. விருட்டென்று பறந்து முகப்பின் அடிக்கட்டையில் போய் ஒட்டிக்கொண்டாள். மொத்தப் பாரத்தையும் தாங்குகிற கட்டை அது. டொக், டொக், டொக், டொக்! "ஐயோ, முகப்பு! முகப்பைத் தொடுறா!" என்று கத்திக்கொண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு கல் அவள் வாலை உரசிக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சில்லுச் சில்லாக மரம் தெறித்தது.

படார்!

முகப்பு அப்படியே உள்பக்கமாகச் சரிந்தது. குங்குமம் புகைபோல் எழும்பி அவள் தலையில் படிந்தது. மரங்கொத்தியின் தலையில் இருக்கிற சிவப்புக்கு வேறு காரணம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தூசி அடங்கியது. கோட்டைக்குள் ஒன்றுமே இல்லை. பின்சுவர்த் துளைகள் வழியாக வெயில் வரிசையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் ஒரு நீளக் கம்பு துளை வழியாக நுழைந்து வெறுந்தரையைத் துழாவியது. பின்னாலிருந்து பூவாத்தாவின் மருமகன் குரல் கொடுத்தான்: "அத்தை, இன்னிக்கு உள்ள ரொம்ப வெளிச்சமா இருக்கே!"

அடுத்த கல்லோடு ஓங்கிய உடையாண்டியின் கை மெல்லக் கீழே வந்தது. விழுந்த கட்டைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், இடுப்பளவுகூட வரவில்லை.

"எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டான். அலகாயியைத்தான் கேட்டான்.

"பத்து நாள். மழைக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. இன்னும் நின்னு பேசிக்கிட்டே இருக்கலாமா மாமா?"

விழா மேளம் வேலை மேளமானது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து யானைகள் காய்ந்த மரங்களை இழுத்துவந்தன. கரடிகள் தோளில் சுமந்தன. பூவாத்தா தன் எட்டு முழக் கம்பை முழங்காலில் வைத்து ஒடித்து முதல் விறகாகப் போட்டாள். காகமும் கொண்டுவந்தது. சுள்ளிதான், ஆனாலும் கொண்டுவந்தது. எந்தக் கட்டை உளுத்தது, எது உறுதி என்று அலகாயி ஒவ்வொன்றாகத் தட்டிச் சொன்னாள். பதின்மூன்றாம் நாள் உச்சிவேளையில் கடைசிக் கட்டை ஏறியது. முதல் துளி விழுந்தது.

நாலு மாதம் பெய்தது. அடுப்பு ஒரு பொழுதுகூட அணையவில்லை. வேங்கை மரத்தில் கோடாலி படவில்லை. மூன்று குஞ்சுகளும் பொரிந்து, சிறகு முளைத்து, அடுப்பின் வெக்கையில் உடம்பை உலர்த்திக்கொண்டு, ஊரார் பார்க்க நெருப்புக்கு மேலாகவே பறந்து போயின. பூவாத்தா குலவையிட்டாள். அலகாயியின் ஜெயத்தில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வருஷம் முகப்பைத் திரும்ப அடுக்கி மஞ்சள் பூசினார்கள். அலகாயி தட்டிப் பார்த்தாள். மறுபடியும் பொள்ளல்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே," என்றான் உடையாண்டி. "அடுப்பு அணைஞ்சுதா? ஒரு நாளாவது அணைஞ்சுதா?"

"பன்னெண்டு நாள் முதுகு ஒடியச் சுமந்தீங்களே, அதனாலதான் மாமா அணையலை!"

"அணையலைல்ல? அதைத்தான் நானும் சொல்றேன்."

ஊரே சிரித்தது. காகம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "ஒண்ணு சொல்றேன், கேளு. இந்த வருஷம் வாயை மூடிக்கிட்டு இரு. ஒரே ஒரு மழைக்கு அணையட்டும், நடுங்கட்டும். அப்புறம் ஜென்மத்துக்கும் உன் பேச்சை மீறமாட்டாங்க."

நல்ல வாதம். அலகாயிக்கே பிடித்த மாதிரி வாதம். பூவாத்தாவின் பேத்தி அடுப்பங்கரையில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குவதை அவள் பார்த்தாள்.

"நான் சொன்னது நடந்துதான் நான் ஜெயிக்கணுமா அண்ணே? நடக்காமப் போச்சு பாருங்க, அதுதான் ஜெயம். பொய்க்காரின்னு சொல்லிட்டுப் போகட்டும். குளிர் காய்ஞ்சுக்கிட்டே சொல்லட்டும்!"

சொல்லிவிட்டு அடிக்கட்டைக்குப் பறந்தாள். அந்த வருஷமும் முகப்பு விழுந்தது, அந்த வருஷமும் திட்டிக்கொண்டே விறகு சுமந்தார்கள், அந்த வருஷமும் அடுப்பு அணையவில்லை.

அந்த வருஷத்திலிருந்துதான், விறகு தீரும், எண்ணெய் தீரும், கரண்டு போதாது என்று யார் முன்கூட்டிச் சொன்னாலும், எரிகிற அடுப்பைக் காட்டி "எங்கே தீர்ந்தது?" என்று மனிதர்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே மரங்கொத்தியும் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.