மடுவாளியும் மூடிய கண்களும்

கருமடுக் காட்டில் துவரி என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடச் சற்றே பெரியது. கொம்பு கிடையாது. காய்ந்த இலை ஒன்று உதிர்ந்தாலும் அதற்கு நெஞ்சு படபடக்கும்.

அந்தக் கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. மலையடியில் இருந்த கருமடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஆழம் தெரியாத கறுத்த தண்ணீர். அதன் அடியில் மடுவாளி வாழ்கிறது என்று காடு முழுக்கப் பேச்சு.

மடுவாளியை யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தன. அதன் கோரைப் பல் தன்னுடையதைப் போல நூறு மடங்கு என்றது காட்டுப்பன்றி. வால் இந்த மலையையே சுற்றி வளைக்கும் என்றது மந்தி. அது நடந்தால் சத்தமே கேட்காது என்று சொல்லிவிட்டு நடுங்கியது புள்ளிமான்.

தன்னைப் பார்ப்பவர்களை மடுவாளிக்குப் பிடிக்காதாம். ஆகவே எல்லா விலங்குகளும் கண்ணை மூடிக்கொண்டுதான் தண்ணீர் குடித்தன. கரையில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவி ஒரு தரம் கூவினால் கண்ணை மூட வேண்டும். இரண்டாம் தரம் கூவினால் திறக்கலாம். சில நாட்களில், திறக்கும்போது வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். போனது கண்ணைத் திறந்து பார்த்திருக்கும் என்று பேசிக்கொண்டு, மற்றவை திரும்பிப் பாராமல் நடந்துவிடும்.

பத்து நாளுக்கு முன்னால் அப்படிக் காலியான இடம், துவரியின் மூத்த குட்டி நின்ற இடம்.

"பாவம், சின்னது. வேடிக்கை பார்த்திருக்கும்," என்றது மந்தி. "நீ சொல்லி வளர்த்திருக்க வேண்டாமா?"

ஆனால் துவரிக்குத் தெரியும். அந்தக் குட்டி கடைசி வரை தாயின் வயிற்றில் முகத்தை அழுத்திக்கொண்டுதான் நின்றது. அந்த மூச்சின் சூடு இன்னும் வயிற்றில் இருந்தது. கண்ணைத் திறக்காத குட்டியை மடுவாளி ஏன் எடுத்தது?

இரட்டைக் குட்டிகளில் மிஞ்சியது குன்றி மட்டும்தான். விட்டுவிட்டு வரலாம் என்றால் புதர்களில் ஒளிந்துகொள்ள இலை இல்லை. தாகத்தில் துவரிக்குப் பாலும் வற்றிக்கொண்டு வந்தது. அன்று காலை குன்றியைப் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கரைக்கு வந்தது.

பாறைமேல் கிழட்டு முதலை வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மடுவாளிக்குப் பயந்து தண்ணீரில் இறங்குவதையே விட்டுவிட்டதாக அது எல்லோரிடமும் சொல்லியிருந்தது. நீச்சல் மறந்த முதலையார் என்று மந்திகள் கேலி செய்யும். அது கோபித்துக்கொண்டதே இல்லை.

குருவி கூவியது. எல்லாக் கண்களும் மூடின.

துவரியும் மூடியது. தண்ணீர் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. திறந்தால் குன்றியை மடுவாளி எடுத்துவிடுமோ? திறக்காவிட்டால்? துவரி மெல்ல ஒரு கண்ணைத் திறந்தது.

கரை நெடுக மூடிய கண்கள். அவற்றின் முன்னால் அசையாத தண்ணீர். பாறையைப் பார்த்தது. பாறைமேல் யாருமில்லை. தண்ணீரில் இரண்டு புடைப்புகள், மிதக்கும் காய்களைப் போல, குன்றியை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"கண்ணைத் திறங்க! முதலை!"

ஒருவர்கூடத் திறக்கவில்லை. கேட்ட பயத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டன. வாயை மூடு, எங்களையும் சாகடிக்கப் பார்க்கிறாயா என்று கண்ணை மூடியபடியே உறுமியது பன்றி.

துவரி தலையால் முட்டிக் குன்றியைக் கரைமேல் தள்ளியது. தண்ணீர் வெடித்தது. இரண்டு தாடைகள் படாரென்று மூடின. துவரியின் இடது காதில் பாதி அவற்றுக்குள் போயிற்று.

தண்ணீர் முகத்தில் அடித்த பிறகுதான் மந்தி கண்ணைத் திறந்தது. பிறகு பன்றி. பிறகு எல்லாம்.

"மடுவாளி துரத்தியது, அதான் ஓடி வந்தேன்," என்றது முதலை.

புள்ளிமான் அதற்கும் தலையாட்டப் போயிற்று. அதற்குள் முதலையின் பல்லில் சிக்கியிருந்த காதைப் பன்றி பார்த்துவிட்டது. எல்லாம் குருவியின் பக்கம் திரும்பின.

"உனக்குத் தெரியுமா குருவியக்கா?" என்று கேட்டது துவரி. காதிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

குருவி, தன் நான்கு முட்டைகளும் வெறும் தரையில் கிடப்பதைச் சொன்னது. கூவினால் முட்டைகளைத் தொடமாட்டேன் என்று முதலை சொல்லியிருந்ததாம்.

"பார்த்தால் தாங்காது துவரி," என்றது. "நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கூவினேன்."

அதன் பிறகு கருமடுவில் பாதி விலங்குகள் குடிக்கும்போது பாதி விலங்குகள் தண்ணீரைப் பார்த்து நின்றன. பன்றி தன் கூட்டத்தோடு குருவியின் முட்டைகளுக்கு அருகே படுத்துக்கொண்டது. தண்ணீரில் புடைப்பு தெரிந்தால் குருவி கூவியது. பட்டினி கிடந்த முதலை, ஒரு வாரத்தில் ஆற்றைத் தேடிப் போய்விட்டது.

அப்போதும் கறுத்த தண்ணீரைப் பார்த்தால் துவரிக்கு உடல் சிலிர்க்கும்.

"அம்மா, மடுவாளி நிஜமாகவே இல்லையா?" என்று கேட்டது குன்றி.

"தெரியாது கண்ணு. இவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இருந்தால் ஒரு நாள் மேலே வரட்டும். நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்."

குன்றி குனிந்து குடித்தது. துவரி பார்த்துக்கொண்டு நின்றது.

கண்டறியாத ஒன்றுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்பவர்கள், கண்ணெதிரே இருக்கும் பகைக்குத் தாங்களே இரையாகிறார்கள்.