பார்த்துச் செய்யுங்க

செங்கரை சின்ன நாடு. காலையில் தெற்கு எல்லையிலிருந்து காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வடக்கு எல்லைக்குப் போய்விடலாம். வடக்கே ஒரு வல்லரசு. கடலுக்கு அப்பால் இன்னொரு வல்லரசு. செங்கரை ஜனங்கள் ஒன்றைப் பக்கத்துக்காரன் என்பார்கள், மற்றதை அக்கரைக்காரன் என்பார்கள். பக்கத்துக்காரனிடம் அவர்களுக்குப் பயம், அக்கரைக்காரனிடம் சிநேகம். இரண்டுமே செலவு பிடிக்கிற சங்கதிகள்தான்.

மற்றபடி நல்ல மனிதர்கள். யாரிடமும் கறாராகப் பேச மாட்டார்கள். தையல்காரரானாலும் சரி, சம்பந்தி வீட்டாரானாலும் சரி, “நீங்களே பார்த்துச் செய்யுங்க” என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் மரியாதை என்று நினைப்பு. சட்டை இறுக்கமாக வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொள்வார்கள்.

அந்த நாட்டின் பாதுகாப்பு மந்திரி மாசிலாமணி ஒரு செவ்வாய்க்கிழமை தன் குருவைப் பார்க்க வந்தார்.

மந்திரிக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தேழுதான். குருவின் பெயர் செங்கோடர். இருபது வருஷம் மாட்டுத் தரகராக இருந்தவர். ஒரு நாள் போதும் என்று தோன்றிவிட்டது. சந்தைக்கு வெளியே மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டி, பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார். முதலில் மாட்டைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்தார்கள். பிறகு மனுஷரைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தார்கள். மனைவி இறந்த வருஷம் துக்கம் தாளாமல் வந்த மாசிலாமணி, அதற்குப் பிறகு வருவதை நிறுத்தவேயில்லை.

குரு தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மந்திரியாரே. முகம் வாடியிருக்குது. சாப்பிட்டீங்களா?”

“சாப்பாடு இறங்கலை சாமி. ஒரு கேள்வி இருக்கு.”

“சொல்லுங்க.”

“வல்லூறுக் கரட்டு மேல அக்கரைக்காரங்க ஏவுகணைத் தடுப்பு வெச்சிருக்காங்கல்ல?”

“அந்தக் குன்று உச்சியில வெள்ளையா உருண்டை தெரியுதே, அதுதானுங்களே?”

“அதேதான். பக்கத்துக்காரன் ஏவுகணை விட்டா, வானத்துலயே வழிமறிச்சு உடைச்சிரும். பதினோரு வருஷமா அதை நம்பித்தான் நம்ம ஆறு லட்சம் சனமும் நிம்மதியா இருக்கு.”

“இப்ப என்னாச்சு?”

“வெள்ளிக்கிழமை ரெண்டு வல்லரசும் உட்கார்ந்து பேசப் போறாங்க. அக்கரை வரைக்கும் பாயற பெரிய ஏவுகணைகளைப் பக்கத்துக்காரன் குறைச்சுக்குவானாம். அதுக்குப் பதிலா அக்கரைக்காரங்க நம்ம கரட்டு மேல இருக்கறதைக் கழட்டிட்டுப் போயிருவாங்களாம். அப்படித்தான் பேச்சு அடிபடுது.”

“நம்ம ஊர் வரைக்கும் பாயற சின்ன ஏவுகணைங்க?”

“அதைப் பத்தி யாரும் வாயே திறக்கலை.”

குரு தேய்ப்பதை நிறுத்தினார். மந்திரி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பணும்னு அக்கரைத் தூதர் கேட்டிருக்கார்.”

“கை ஈரமா இருக்குது. நீங்களே படிங்க.”

மந்திரி படித்தார். “‘செங்கரையின் பாதுகாப்பு குறித்து எங்கள் சார்பில் தாங்களே பார்த்துப் பேசி முடிவு செய்யலாம்.’”

“யார் எழுதினது?”

“அவங்களே எழுதி அனுப்பிட்டாங்க. ‘பார்த்து’ங்கறதை மட்டும் நாங்க சேர்த்தோம்.”

குரு சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

“கேள்வி என்னங்க?”

“இதுல கையெழுத்துப் போட்டா அக்கரைக்காரங்க நம்மளைக் கைவிடுவாங்களா, போடலைன்னா கைவிடுவாங்களா? எனக்குப் புரியலை சாமி. என் ஒரு கையெழுத்துல ஆறு லட்சம் பேர் இருக்காங்க. பயமா இருக்கு.”

குரு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சந்தை கூடிருச்சு. ஒரு நடை போயிட்டு வரலாம் வாங்க.”

மந்திரி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. சாணியும் புழுதியுமாகச் சந்தை முழுக்க மாடுகள். ஆட்கள் இரண்டிரண்டு பேராக நின்று ஒரு துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. தரகர் தன் கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் எதிராளியின் விரலைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அத்தனை. அழுத்தினால் சம்மதம், உதறினால் இல்லை. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். மாட்டுக்கு அதுவும் தெரியாது.

மாரப்பன் என்ற தரகர் குருவைப் பார்த்துக் கும்பிட்டார். குருவோடு பல வருஷம் ஒன்றாகத் தரகு பார்த்தவர்.

குரு மந்திரியின் காலைப் பார்த்தார்.

“செருப்பு புதுசுங்களா?”

“பொண்ணு வாங்கிக் குடுத்தது.”

“நொண்டற மாதிரி இருக்குதே. கடிக்குதா?”

“கொஞ்சம் கடிக்குது.”

“மாரப்பன் காலும் உங்க அளவுதான். இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுங்களா?”

மந்திரிக்கு மனசெல்லாம் கடிதத்தில் இருந்தது. “நீங்களே பார்த்துச் செய்யுங்க சாமி” என்றார்.

மாரப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். குரு கையை உள்ளே விட்டார். பழக்கம் விட்டுப்போகவில்லை. துண்டு இரண்டு தரம் நெளிந்தது, ஒரு தரம் உதறியது, பிறகு அடங்கியது. இருவரும் கையை வெளியே எடுத்தார்கள்.

“முடிஞ்சுதுங்க. செருப்பைக் கழட்டிக் குடுங்க” என்றார் குரு.

மந்திரி கழற்றிக் கொடுத்தார். மாரப்பன் அதைப் போட்டுக்கொண்டு, தன் பழைய செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி ஒரு காளையின் பல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

மந்திரி நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றக் காலைத் தூக்கினார்.

“சாமி, எனக்கு வேற செருப்பு?”

“அது பேச்சுல வரலைங்க.”

“பின்னே என்னதான் பேசினீங்க?”

“தொட்டிக்கு வர்ற மாட்டுக்குத் தீனி இல்லாம இருந்துது. ரெண்டு கட்டு வைக்கோல் தர்றேன்னான். சரின்னேன்.”

“என் செருப்புக்கு உங்களுக்கு வைக்கோலா?”

“ஆமாங்க.”

“எனக்கு?”

“உங்களைப் பத்தியும் பேசினோம். உங்க பாதத்து மேல எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப அக்கறை. அதுல எந்த மாத்தமும் இல்லை.”

மந்திரிக்குச் சுரீரென்றது, தரை சுட்டதால் மட்டும் இல்லை. காலையில் தூதர் தொலைபேசியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். செங்கரை மேல் எங்கள் அக்கறையில் எந்த மாற்றமும் இல்லை. அப்போது அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம் கோபமாகத் திரும்பியது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“நீங்கதானே பார்த்துச் செய்யச் சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்சதைப் பார்த்தேன். கால் உங்களுது, சுடறது எனக்குத் தெரியலை.”

“செருப்பு வேணும் சாமி. வாங்கிக் குடுங்க.”

“வேணும்னா நீங்க போய்க் கேளுங்க. அந்தா நிக்கிறான்.”

மந்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய ஓட்டுநரும் இரண்டு காவலர்களும் தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு அதட்டச் சொல்லலாம். சந்தையே சிரிக்கும். குதிகாலை ஊன்றாமல் தத்தித் தத்தி மாரப்பனிடம் போனார்.

“அந்தச் செருப்பு எனக்குத் திருப்பி வேணுமே.”

“பேசலாமுங்க” என்றார் மாரப்பன். துண்டை விரித்தார்.

பாதுகாப்பு மந்திரி தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் துண்டுக்குள் கையை விட்டார். உள்ளே மாரப்பனின் விரல்கள் மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தன. அவை மந்திரியின் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தன.

“நாலு என்ன?”

“வைக்கோலுங்க. ரெண்டுக்கு வாங்கினதை நாலுக்குக் குடுக்கறேன்.”

“என்கிட்ட ஏது வைக்கோல்?”

மாரப்பன் காளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு விரலும் பிடித்தபடியே இருந்தது. மந்திரிக்கு வியர்த்தது. வாய் தானாகவே சொல்லிவிட்டது:

“ஏதோ நீங்களே பார்த்துச் செய்யுங்க.”

மாரப்பன் சிரித்துவிட்டார். “துண்டுக்குள்ள அதுக்கு விரல் இல்லீங்களே.”

மந்திரி மூச்சை இழுத்து விட்டார். தன்னிடம் என்ன இருக்கிறது, எதை விட்டால் தாங்கும் என்று யோசித்தார். இந்த யோசனையை அவர் சொந்தச் செருப்புக்குக் கூட இதுவரை செய்ததில்லை. மெதுவாகத் தன் கையை விடுவித்து, மாரப்பனின் ஒரு விரலைப் பிடித்தார்.

“ஒண்ணு.”

“ஒண்ணு என்னங்க?”

“இந்தக் கறுப்புக் கண்ணாடி.”

மாரப்பன் கண்ணாடியைப் பார்த்தார். ஆசை முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தரகர் தரகர்தானே? மந்திரியின் இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

“அது வைக்கற கூடும் சேர்த்துங்க.”

கூடு மந்திரியின் சட்டைப் பையில் இருந்தது. கண்ணாடி போன பிறகு அதனால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தும் மந்திரி விரலை உதறினார்.

“கூடு கிடையாது.”

‘கிடையாது’ என்று அவர் யாரிடமும் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. மாரப்பனுக்குக் கோபம் கூட வரவில்லை. விரலை ஒரு அழுத்து அழுத்தினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

மந்திரி குருவிடம் திரும்பி வந்தார். வெயில் நேராக அடித்துக் கண் கூசியது. செருப்பு பழையபடி கடித்தது.

“நஷ்டமுங்களா?” என்றார் குரு.

“நஷ்டம்தான். நல்ல கண்ணாடி சாமி அது.”

“பின்னே சந்தோஷமா வர்றீங்க?”

“எதை விடறது, எதை விடக் கூடாதுன்னு நான் சொன்னேன். அதுல ஒரு சந்தோஷம்.”

இருவரும் தொட்டிக்குத் திரும்பினார்கள். மாரப்பன் அனுப்பிய வைக்கோல் வந்து இறங்கியிருந்தது. குரு ஒரு கட்டை அவிழ்த்து உதற ஆரம்பித்தார். மந்திரி கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். பிறகு இரண்டாகக் கிழித்தார்.

“கையெழுத்துப் போடலை சாமி.”

“கோவிச்சுக்குவாங்க.”

“கோவிச்சுக்கட்டும். எங்க ஊரைப் பத்தி நாங்கதான் பேசுவோம்னு எழுதிடறேன்.”

“நீங்க பேசினாலும் தடுப்பைக் கழட்டிட்டுப் போயிருவாங்க.”

“போகலாம். அவங்க பொருள், அவங்க எடுத்துட்டுப் போறாங்க. ஆனா கழட்டறதுக்குப் பதிலா பக்கத்துக்காரனை அந்தச் சின்ன ஏவுகணைகளையும் குறைக்கச் சொல்லலாமே. கரடு நம்மளுது. நம்மகிட்டயும் சொல்றதுக்கு ரெண்டு விஷயம் இருக்கு. முழுசாக் கிடைக்காது. கொஞ்சமாவது கிடைக்கும். அதைத்தானே சாமி சொல்ல வந்தீங்க?”

“நான் என்னத்தைச் சொன்னேன்? வைக்கோல் வாங்கினேன்.”

மந்திரி சிரித்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். கும்பிட்டுவிட்டுக் கார் நிற்கும் பக்கம் நடந்தார். பாதி தூரம் போனவர் நின்றார். என்னவோ யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“சாமி, ஒண்ணு விட்டுப்போச்சு.”

“என்னங்க?”

“வெள்ளிக்கிழமை அங்கே ரெண்டு பேருக்குத்தான் நாற்காலி. நம்மளை வாங்கன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போறது? நமக்குன்னு ஒரு மரியாதை இருக்கே.”

குரு உதறிய வைக்கோலைக் கீழே வைத்தார்.

“மந்திரியாரே, நம்ம ஊர் மேல விழப்போறது மட்டும் கூப்பிட்டாத்தான் வருங்களா?”