ஆடாத தோள்

முள்ளிக்குளம் பாளையத்தை ஆண்ட லக்கய நாயக்கருக்கு எல்லாம் இருந்தது. குறிபார்த்துச் சுடத்தான் வராது. அதை அவரிடம் சொல்ல ஆளும் இல்லை.

கப்பல் வியாபாரி ஒருவன் அவருக்கு நீளமான துப்பாக்கி ஒன்றைக் கொடுத்திருந்தான். கையில் பிடித்தால் உலக்கை மாதிரி கனக்கும். அதனால் ஓர் ஆளை முன்னால் மண்டியிட வைத்து, அவன் தோளில் குழலைச் சாய்த்துத்தான் ராஜா சுடுவார். தோட்டத்துச் சுவர்மேல் ஒரு மண்பானை இருக்கும். அதுதான் குறி. பானைக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. ஒருநாள் குண்டு போய்ச் சமையற்கட்டுப் புகைபோக்கியைப் பெயர்த்தது.

"அடடா, மகாராஜா குறி வைத்தது புகைபோக்கிக்கா? நான் பானைக்கு என்றல்லவா நினைத்தேன்" என்று பூரித்தார் தளவாய் பெத்தண்ணா. படைத்தலைவர் அவர். போர் வந்தால் காய்ச்சல் வந்துவிடும், பாவம். மற்ற நாளெல்லாம் நல்ல ஆரோக்கியம்.

"தோள் ஆடிவிட்டது. பிடித்து உள்ளே போடுங்கள்" என்றார் ராஜா.

இப்படிச் சிறைக்குப் போனவர்கள் பலர். அன்றைக்குப் போனவன் காவல்காரன் சுடலை. அவன் மனைவி அரண்மனை வாசலில் அழுததைப் பார்த்துவிட்டு விகடகவி கூத்தபிரான் நேரே சபைக்கு வந்தார்.

"மகாராஜா, தோள்களெல்லாம் சிறைக்குப் போகின்றன. சபையில் இனி வயிறுகள்தான் மிஞ்சும்" என்றார்.

தளவாய் தம் வயிற்றைச் சால்வையால் மூடிக்கொண்டார். "இவ்வளவு பேசுகிறவர் ஆடாத தோள் ஒன்றைக் கொண்டுவரட்டுமே."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "நாளைக் காலை தேவியூர் ஜமீன்தார் வருகிறார். அவர் முன்னால் பானை உடைய வேண்டும். உடைந்தால் நீர் கேட்டதைத் தருகிறேன். உடையாவிட்டால் சுடலைக்குத் துணையாக நீரும் உள்ளே போகலாம்."

மறுநாள் காலை, தலைப்பாகையும் பட்டு அங்கியும் போட்ட ஒருவரை நாலு பேர் தூக்கிவந்து முக்காலியில் உட்கார வைத்தார்கள். பார்த்தால், மணல் மூட்டை.

"ஆற்றங்கரைக்காரர். அதிகம் பேசமாட்டார்" என்றார் கூத்தபிரான். ஜமீன்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மூட்டையைக் கொண்டுவந்து சபையை அவமதிப்பதா?" என்று தளவாய் குதித்தார். "அட, அது என் அங்கி."

"உங்களுடையதுதான். வண்ணானிடம் இரவல் வாங்கினேன். அங்கியாவது ஒருநாள் வெடிச் சத்தம் கேட்கட்டுமே என்றுதான்."

கூத்தபிரான் மூட்டையின் தோளில் கையால் ஓங்கித் தட்டிப் பள்ளம் பறித்தார். குழல் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. "மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள், மகாராஜா. விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்துங்கள்."

வெடித்தது. பானை சுக்குநூறாகப் போயிற்று.

"தோள் ஆடிவிட்ட..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த தளவாய் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கேளும், என்ன வேண்டும்?"

"சிறையில் இருக்கிறவர்களை விட்டுவிடுங்கள்."

ராஜாவின் முகம் சுருங்கியது. "தோளை ஆட்டியது அவர்கள் தப்பு இல்லையா? இந்த மூட்டை ஆடாமல் இருக்கவில்லையா?"

"இருக்கும், மகாராஜா. பானை உடையாவிட்டால் நீங்கள் சிறையில் போடுவீர்கள் என்பது மூட்டைக்குத் தெரியாதே."

ராஜா மூட்டையைப் பார்த்தார். பக்கத்தில் வெடவெடத்து நின்ற தம் ஆட்களைப் பார்த்தார். பிறகு, துப்பாக்கி கையிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

உச்சிவேளைக்குள் சுடலையும் மற்றவர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூட்டையும் அன்றே வேலையில் சேர்ந்தது. தளவாயின் அங்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று ராஜா சொல்லிவிட்டார். துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தானே அது தேவை.