இரண்டு வாசல் வளையில் ஒரு பிரசவம்

மூங்கில் காட்டுக் குளத்தின் மேற்குக் கரையில் ஒரு முள்ளம்பன்றி ஜோடி வளை தோண்டி வாழ்ந்தது. ஆணின் பெயர் கூரன். பெண்ணின் பெயர் சிலுப்பி. மேட்டில் அமைந்த நல்ல வளை அது. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல்.

சிலுப்பிக்கு அப்போது நிறைமாதம். தலைச்சன் பிரசவம்!

"ஏங்க, ஓடி வாங்க! உதைக்கிறது!" என்று கத்தினாள்.

கூரன் வாயில் இருந்த வேரைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் வயிற்றில் கை வைத்தான். "ஆமாம்! அடடா, மறுபடியும்! நாலு காலாலும் உதைக்கிறதே!" என்று குதித்தான்.

சந்தோஷத்தோடு பயமும் வந்தது. சிலுப்பியின் பாதங்கள் வீங்கின. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. தின்றது நெஞ்சில் எரிந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை புதர் மறைவுக்குப் போக வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் இல்லை. ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. காய்ந்த இலைகளைக் கவ்வி வந்து வளையில் பரப்பினாள். பிடிக்காமல் கலைத்துவிட்டு மறுபடியும் பரப்பினாள்.

ஒரு நாள் காலையில் அவள் வயிறு கல்லாக இறுகியது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிட்டது.

"எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் அக்காவைக் கூப்பிடுங்கள். மதினி நாலு பெற்றவர், எல்லாம் தெரியும்" என்றாள் சிலுப்பி.

கூரனின் முட்கள் விறைத்து நின்றன. "அவளையா? போன கோடையில் என்ன செய்தாள், மறந்துவிட்டாயா? வள்ளிக்கிழங்கை மோப்பம் பிடித்தது நான். பெரிய பாதியைத் தூக்கிக்கொண்டு போனது அவள்! குளத்துக்கு வந்த மான்கள் முன்னால் என்னைச் சோம்பேறி என்றாள்! அவள் வாசலை நான் மிதிக்க மாட்டேன்!"

இதையெல்லாம் புதருக்குப் பின்னால் இருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. மழைக்காலத்துக்கு முன் அந்த வளையைப் பிடித்துவிட வேண்டும் என்று அதற்கு ரொம்ப நாளாக ஆசை.

"அண்ணே! காதில் விழுந்துவிட்டது, மனசு கேட்கவில்லை" என்று நரி உள்ளே தலையை நீட்டியது. "தங்கச்சியின் பாதம் வீங்கியிருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? போச்சு! குட்டிக்கு உள்ளேயே முள் முளைத்துவிட்டது! உதைப்பது கால் இல்லை அண்ணே, முள்!"

"ஐயோ!" என்றாள் சிலுப்பி.

"இந்த வளையின் சூடுதான் காரணம். குன்றுக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த பாறைக் குகை இருக்கிறது. இப்போதே கிளம்பினால் முள் அடங்கிவிடும். இல்லையென்றால் வயிற்றைக் கிழித்துவிடும்! வளையை நான் பார்த்துக்கொள்கிறேன். கவலைப்படாமல் போங்கள்!"

தன் வாழ்நாளில் ஒரு குட்டிகூடப் பெறாத அந்த ஆண் நரியின் பேச்சைக் கூரன் அப்படியே நம்பினான். இருவரும் கிளம்பினார்கள்.

குன்றுக்குப் போகும் பாதை அக்கா நெட்டூசியின் வளை வாசல் வழியாகத்தான் போனது. கூரன் நின்றான்.

"இந்தப் பக்கம் வேண்டாம். சுற்றிப் போகலாம்" என்றான்.

"சுற்றினால் இரண்டு மடங்கு தூரமாயிற்றே!"

"ஆகட்டும். அவள் முகத்தில் நான் விழிக்க மாட்டேன்!"

சிலுப்பி தன் வீங்கிய பாதங்களைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். தொப்பென்று பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கள் வீம்பை நீங்களே சுமந்து போங்கள்! எனக்கு ஏற்கெனவே சுமை இருக்கிறது!" என்று வாலைச் சிலுப்பினாள். சலசலவென்று முட்கள் அதிர்ந்தன.

சத்தம் கேட்டு நெட்டூசி வெளியே வந்தாள். நிலைமையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முள்ளா? அடிப் பைத்தியமே! நம் குட்டிகள் பிறக்கும்போது முள் மயிரைப் போல மெத்தென்று இருக்கும். வெளிக்காற்று பட்ட பிறகுதான் விறைக்கும்! உன் புருஷனும் அப்படித்தான் பிறந்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்!"

"பாதம் வீங்கியிருக்கிறதே மதினி?"

"நிறைமாதத்தில் வீங்கத்தான் செய்யும். காலை உயர்த்தி வைத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு. முகம் உப்பி, தலை வலித்து, கண் மங்கினால் மட்டும் ஒரு நொடி தாமதிக்காதே, உடனே என்னைக் கூப்பிடு! குட்டி உதைக்கிறதா?"

"ஓயாமல்!"

"உதைக்கட்டும்! உதை குறைந்தால்தான் பயப்பட வேண்டும். வயிறு இறுகியது என்றாயே, படுத்ததும் போய்விட்டதா?"

"போய்விட்டது."

"அது பொய்வலி! நிஜ வலி படுத்தாலும் நிற்காது. விட்டு விட்டு வரும். ஒவ்வொரு தடவையும் நெருங்கி நெருங்கி, கூடிக் கூடி..."

"மதினி!" சிலுப்பி அவள் தோளைப் பிடித்தாள். "இப்போது வருகிறது! நடக்கும்போதே மூன்று தடவை வந்தது! நடந்ததால் என்று நினைத்தேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் காலடி மண் நனைந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது!

"தலைச்சன்தானே, வீட்டுக்குப் போக நேரம் இருக்கிறது. நீ பரப்பிய இலையிலேயே பெறலாம். வா!" என்றாள் நெட்டூசி. தம்பியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூவரும் வந்து பார்த்தால், சிலுப்பி ஒரு வாரமாகப் பரப்பிய இலை மெத்தையில் நரி கால்களை நீட்டிப் படுத்திருந்தது!

"வளை இனி என்னுடையது! போங்கள், போங்கள்!" என்று பல்லைக் காட்டியது.

சிலுப்பிக்கு அடுத்த வலி வந்தது. அவள் முனகிய முனகலில் கூரனுக்குக் கிழங்கும் மறந்தது, மான்களும் மறந்தன.

"அக்கா! நீ பின்வாசல்!" என்றான். போன கோடைக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியும் போடா!" என்றாள் அவள்.

முள்ளம்பன்றி முதுகைக் காட்டித்தான் சண்டை போடும். முன்வாசலில் தம்பி பின்னோக்கி நுழைந்தான். பின்வாசலில் அக்கா பின்னோக்கி நுழைந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து சண்டை போட இதைவிட வசதி கிடையாது! நரி முன்னால் ஓடியது: குத்து! பின்னால் ஓடியது: குத்து! கடைசியில் நெட்டூசியின் முதுகின் மேலேயே ஏறிக் குதித்து, மூக்கிலும் வயிற்றிலும் முட்களோடு ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. அந்தக் குளக்கரை இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டாம்.

பொழுது சாயும்போது குட்டி பிறந்தது. பெண் குட்டி! கூரன் ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டான்.

"மெத்தென்று இருக்கிறது! சிலுப்பி, மெத்தென்று இருக்கிறது!" என்று அழுதுகொண்டே சிரித்தான். பிறகு தயங்கினான். "அக்கா, அந்தக் கிழங்கு விஷயம்..."

"அதை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே! பெரிய பாதி என்னுடையதுதான்!"

"மோப்பம் பிடித்தது நான்!"

"தோண்டியது நான்! முதலில் போய் அவளுக்கு நல்ல ஈரமான வேராகக் கொண்டு வா. அப்புறம் வந்து சண்டை போடு!"

கூரன் ஓடினான்.

உறவோடு எவ்வளவு பகை இருந்தாலும், பிரசவ வலி வந்த வீட்டில் அதை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, நாலு பெற்றவளிடம் வழி கேட்க வேண்டுமே தவிர, வீட்டின் மேல் கண் வைத்தவனிடம் கேட்கக் கூடாது.